அழுத சம்மனசும் பால் டின் விளக்கும்

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை. மழை அடித்து ஓய்ந்த மத்தியானம். ஸ்டோர் ரூம் மேல்தட்டிலிருந்து கிறிஸ்துமஸ் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தேன். குப்பென்று ஒரு வாடை. ஈரம் காயாத துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் வருமே, அந்த வாடை.

போன வருஷம் மகளும் நானும் உட்கார்ந்து உப்பு மாவில் பன்னிரண்டு பொம்மைகள் செய்திருந்தோம். மணி, நட்சத்திரம், ஆட்டுக்குட்டி, சம்மனசு என்கிற தேவதூதர். காய்ந்ததும் பீங்கான் மாதிரி டொக்கென்று சத்தம் கேட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் தட்டிக் காட்டினேன். இப்போது பெட்டிக்குள் மணி இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. நட்சத்திரத்தின் முனைகள் நாய்க்காது போல மடங்கியிருந்தன. ஆட்டுக்குட்டியை எடுத்தேன், பாதி கையோடு வந்தது, மீதி டிஷ்யூ தாளோடு தங்கிவிட்டது. ஆரஞ்சை வில்லை வில்லையாக நறுக்கிக் காயவைத்துக் கோர்த்த மாலையில் பச்சைப் பூஞ்சை. உருப்படியாக மிஞ்சியது ஒரு சம்மனசு. அதற்கும் ஒரு இறக்கை கழன்றிருந்தது, முகமெல்லாம் ஈரம்.

அத்தை எட்டிப் பார்த்தார். "உப்பு ஜாடியத் திறந்து வச்சா என்னாகும்? அதான் ஆயிருக்கு. இதுக்குப் போயி மூணு மணி நேரம் அவன் அடுப்பப் போட்டியே, கரண்டு பில்லு யாரு கட்டுனது?"

மாமியார் சொல்லிவிட்டார் என்பதற்காகக் கோபப்பட முடியாது, சொன்னது அறிவியல். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். நாங்கள் இருக்கும் பினாங்கில் 80ஐத் தாண்டாத இரவு குறைவு. எங்கள் ஃப்ளாட் ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடி, கடல் காற்று வேறு. இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் உப்பு என்கிற அந்தக் கணக்கு, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்றே வறண்டு கிடக்கும் ஊர்களில் சரியாக வரும். இங்கே உப்பு டப்பாவில் நாலு அரிசி போட்டு வைக்காத வீடு உண்டா? அதே உப்பைப் பொம்மையாகப் பிடித்து மரத்தில் தொங்கவிட்டால் மட்டும் எப்படி நிற்கும்?

பெட்டியைத் தரையில் கொட்டி, பிழைத்தது எது, செத்தது எது என்று இரண்டு குவியலாகப் பிரித்தோம். பிழைத்தவை: நூல் கட்டித் தொங்கவிட்ட அன்னாசிப்பூ, டின் தகரத்தில் வெட்டிய ஒரு கோணல் நட்சத்திரம், ஊசி நூலால் தைத்த துணிப்பை ஒன்று. செத்தவை: மாவு, பழம், வெள்ளைப் பசை போட்டு ஒட்டிய எல்லாமே. வெள்ளைப் பசை காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். போதாததற்கு, பசை தடவிய தாளை வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. ஆக இந்த வருஷத்துக்கு இரண்டே விதி வைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்கிற பொருள் வேண்டாம். ஒட்டுவதைவிடத் தைப்பது, முறுக்குவது, குத்துவது மேல்.

சாமான் சேர்க்க இரண்டு வாரம் எடுத்தது. வாங்கியது கொஞ்சம், கெஞ்சியது அதிகம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி, சீனப் பெண்மணி, ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய அங்பாவ் உறைகளை, பெருநாளுக்குப் பணம் வைத்துக் கொடுப்பார்களே அந்த உறைகளை, கொடுத்தார். கீழே கோப்பிக் கடையில் பால் டின் கேட்டேன், "எத்தனை வேணும், பத்தா, இருபதா?" என்று கேட்டு ஒரு கட்டு தந்தார்கள். சோடா டின்களுக்கு என் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த ஒரு வேலையை மட்டும் முகம் சுளிக்காமல் செய்தார்.

முதலில் சோடா டின். மேலும் கீழும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கும் உருளையைக் கத்தரிக்கோலால் கிழித்து விரித்தால் ஒரு செவ்வகத் தகடு கிடைக்கும். தலைமுடி அளவுக்கு மெல்லிசு, சாதாரணக் கத்தரி போதும், ஆனால் நல்ல கத்தரியை எடுக்காதீர்கள், முனை போய்விடும். தகடு சுருண்டுகொண்டே இருக்கும். மேசை விளிம்பில் வைத்து, சுருளுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தால் நிமிரும். வெட்டுவதற்கு முன் டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நான் கழுவவில்லை. மறுநாள் காலையில் மேசைக்கால் வழியாக எறும்பு வரிசை கட்டியிருந்தது.

அஞ்சு முனை நட்சத்திரத்தைத் தாளில் வெட்டி, தகட்டின் மேல் வைத்துச் சுற்றி வரைந்து வெட்டினோம். தட்டையாக இருந்தபோது பள்ளிக்கூடச் சட்டையில் குத்தும் பேட்ஜ் மாதிரிதான் இருந்தது. அதற்கு உயிர் வருவது அடுத்த வேலையில். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து மெத்தை போல வைத்து, தகட்டை அதன்மேல் கவிழ்த்து, மை தீர்ந்த பேனாவால் ஒவ்வொரு முனையிலிருந்தும் நடுவுக்கு அழுத்திக் கோடு போட வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு, இரண்டு முனைக்கு நடுவே இருக்கும் உள்மூலைகளிலிருந்து நடுவுக்குக் கோடு. இப்போது விரலால் லேசாக மடித்தால் ஒரு கோடு மேடு, ஒரு கோடு பள்ளம் என்று நட்சத்திரம் புடைத்து எழும்பும். வெள்ளிப் பக்கத்தை வெளியே காட்டினால் ஒவ்வொரு மடிப்பிலும் விளக்கு வெவ்வேறு விதமாக மின்னும். பதினான்கு செய்தோம். மூன்றாவதிலேயே என் ஆள்காட்டி விரல் கிழிந்தது. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

அங்பாவ் உருண்டைதான் எனக்குப் பிடித்தது. ஆண்ட்டி கொடுத்த பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பிரித்தபோது பாதி சீனப் புத்தாண்டுச் சிவப்பு, கால்வாசி ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாள் பச்சை, மிச்சம் தீபாவளிக்கு வந்த ஊதாவும் மஞ்சளும். கிறிஸ்துமஸுக்கு வேண்டிய சிவப்பும் பச்சையும் காசு கொடுக்காமல் வந்து சேர்ந்துவிட்டன. வெட்டப் போகும்போது அத்தை கையைப் பிடித்தார். "உள்ள விரல விட்டுப் பாத்துட்டு வெட்டு லா." இருபத்துமூன்றாவது உறையில் ஒரு அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு. ஆண்ட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதை மகள் கையில் திணித்துவிட்டார்.

உறையைப் பிரித்து, ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, ஒரே அளவில் எட்டு வட்டம் வெட்ட வேண்டும். எட்டையும் அடுக்கி நடுவில் நேர்கோடாக மடித்து, அந்த மடிப்பின் மேலேயே ஊசி நூலால் தைத்துவிட வேண்டும். நூலின் ஒரு முனையை நீளமாக விட்டால் அதுவே தொங்கவிடும் கயிறு. தைத்து முடித்தபின் ஒவ்வொரு இதழாகப் பிரித்து விரித்தால் தாமரை மொட்டு விரிகிற மாதிரி உருண்டையாகும். சொட்டுப் பசை இல்லை. தையல் மிஷினில் ஓட்டிப் பார்த்தேன். பொன்னச்சுப் போட்ட கெட்டி உறையில் ஊசி உடைந்தது. கைத்தையல்தான். டிவி பார்த்துக்கொண்டே அத்தை ஒரு மாலையில் ஒன்பது முடித்தார்.

பிளாஸ்டிக் புட்டி விஷயத்தில் ஒரு கண்டுபிடிப்பு. ஒன்றரை லிட்டர் சோடா புட்டியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், அஞ்சு கால் இருக்கும். காஸ் அழுத்தத்தில் அடி வெளியே பிதுங்காமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. வெறும் தண்ணீர்ப் புட்டிகள் பலவற்றில் அது இருக்காது. எல்லோரும் அதை வெட்டி வெள்ளை அடித்துப் பனிப்பூ என்பார்கள். என் மகள் பார்த்ததும் "இது புங்கா ராயா" என்றாள். அஞ்சு இதழ், செம்பருத்தியேதான். சிவப்புச் சாயம் அடித்து, நடுவில் காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பாதியாக வெட்டிச் சொருகி, பஞ்சு நுனிக்கு மஞ்சள் பூசினோம். நடுவில் ஓட்டை போடுவதுதான் சிரமம், அந்த இடத்தில் பிளாஸ்டிக் மற்ற இடத்தைவிடத் தடிப்பு. ஆணியைக் குறடால் பிடித்து அடுப்பில் சூடாக்கிக் குத்தினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நாற்றம் தலைவலி தரும். ஆறு பூ செய்தோம், பனி ஒன்றுகூட செய்யவில்லை. ஜெலுத்தோங்கில் யார் பனியைப் பார்த்தார்கள்?

அடுத்தது களிமண். உப்பு மாவை விட்டாலும் பிள்ளைக்கு உருட்டிப் பிசைய ஏதாவது வேண்டுமே. ஆப்பசோடா இரண்டு கப், சோள மாவு ஒரு கப், தண்ணீர் ஒன்றேகால் கப். மூன்றையும் கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளற வேண்டும். இதில் வீட்டுக்காரர் ஒரு கூத்து பண்ணினார். ஆப்பசோடா வாங்கிவரச் சொன்னால் பேக்கிங் பவுடர் வாங்கி வந்திருக்கிறார். நானும் பார்க்காமல் கொட்டினேன். தண்ணீர் பட்டதும் புசுபுசுவென்று பொங்கி, சூடு ஏறஏற இன்னும் உப்பி, சட்டியில் ஓட்டை ஓட்டையாக ஒரு ஆப்பம் வெந்துகொண்டிருந்தது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டால் இரண்டும் சண்டை போட்டுக் காற்றைக் கிளப்பும். பெயரைச் சரியாகப் படித்து வாங்குங்கள்.

இரண்டாம் முறை சரியான சோடா. முதலில் பால் மாதிரி இருந்தது, நுரைத்தது, ஒரு கட்டத்தில் திடீரென்று அடியில் கெட்டிப்பட ஆரம்பித்தது. நான் பதறிப்போய்த் தீயைக் கூட்டக் கை நீட்டியபோது அத்தை கரண்டியைப் பிடுங்கினார். "கொழுக்கட்டைக்கு மாவு கிளறுனதில்லையா நீ? கூட்டாத, கொறை." அதற்குப் பிறகு சட்டி அவர் வசம். கொழுக்கட்டை மாவுப் பதமேதான்: கரண்டியில் திரண்டு வரும், சட்டி ஓரம் விடும், உடனே இறக்கி ஈரத்துணி போட்டு மூட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் வெள்ளை வெளேரென்று, மைதாவைவிட வழவழப்பாக வரும். எத்தனை நிமிஷம் என்று என்னால் சொல்ல முடியாது. அத்தையும் சொல்லவில்லை.

அச்சுக்கு எங்கேயும் போகவில்லை. ஆண்ட்டி வீட்டில் குவே பாங்கிட் பலகாரம் செய்யும் மர அச்சு இருந்தது. சோள மாவைத் தூவி, களிமண்ணை அழுத்தி, திருப்பி மேசை ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் குட்டிக் குட்டிப் பூவும் மீனும் விழும். எங்கள் வீட்டு முறுக்குக் குழலும் இறங்கியது. நட்சத்திர ஓட்டை வில்லையைப் போட்டுப் பிழிந்தால் முள்ளுமுள்ளாகக் கயிறு வரும், அதைச் சுற்றிச் சின்ன முறுக்காகவே விட்டோம். தொங்கவிட மேலே ஒரு வளையம் மட்டும் கூடுதல். பத்து முறுக்கு. பின்னால் கேரல் பாட வந்த கூட்டத்தில் ஒரு பையன் அதில் ஒன்றைக் கடித்தே பார்த்துவிட்டான். முகம் போன போக்கைப் பார்த்து அவன் அம்மா மன்னிப்புக் கேட்டார், நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

காயவைக்க அவன் அடுப்பு வேண்டாம். சூடு அதிகமானால் சோடா உள்ளுக்குள் காற்றை விட்டு விரிசல் விடும். ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன், மழை விடாததால் மூன்று நாள் ஆனது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். மறந்துபோய் ராத்திரி தூங்கிவிட்ட அன்று நாலு மீன் கருவாடு மாதிரி வளைந்துவிட்டன. மீன்தானே, பரவாயில்லை என்று வைத்துக்கொண்டோம்.

போன வருஷம் சூடு பட்டதால் இம்முறை ஒரு சோதனையும் வைத்தேன். பெட்டியில் செத்துக் கிடந்த உப்பு மாவு நட்சத்திரத்தை அவனில் மறுபடி காயவைத்து எடுத்தேன். அதோடு வார்னிஷ் அடிக்காத சோடாக் களிமண் பூ ஒன்று, வார்னிஷ் அடித்தது ஒன்று, மூன்றையும் குளியலறை அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதைவிட ஈரமான இடம் இல்லை. இரண்டாம் நாளே உப்பு மாவு வேர்த்துவிட்டது. ஏழாம் நாள் வார்னிஷ் இல்லாத பூவைத் தொட்டால் விரலில் கொஞ்சம் மாவு ஒட்டியது, ஆனால் கெட்டியாகவே இருந்தது. வார்னிஷ் அடித்ததில் ஒரு மாற்றமும் இல்லை. அன்றைக்கே ஹார்ட்வேர் கடையில் இன்னொரு சின்ன டப்பா வார்னிஷ் வாங்கி எல்லாவற்றுக்கும் இரண்டு கை அடித்தேன்.

முட்டை ஓடு சட்டென்று முடிந்த வேலை, வாய்தான் வலித்தது. ஊசியால் மேலே சின்ன ஓட்டை, கீழே கொஞ்சம் பெரிய ஓட்டை, சாத்தே குச்சியை விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டு மேலே இருந்து ஊதினால் கிண்ணத்தில் இறங்கும். சோப்புத் தண்ணீரால் அலசினேன். கறை போகுமென்று காடியில் போட்டுவிடாதீர்கள், ஓடு கரையும். ஒரு வாரம் காலைப் பசியாறல் ஆம்லெட்டாகவே ஓடியது. பழுப்பு ஓட்டின் மேல் எழுத்துத் திருத்தும் வெள்ளை மைப் பேனாவால் அத்தை சிக்குக் கோலம் போட்டார், சும்மா சொல்லக்கூடாது, கடையில் வாங்கிய குண்டுகள் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. தொங்கவிட ஒரு தந்திரம்: தீக்குச்சியைப் பாதியாக ஒடித்து நடுவில் நூல் கட்டி ஓட்டைக்குள் நேராக இறக்கி, நூலைச் சுண்டினால் குச்சி உள்ளே குறுக்கே விழுந்து மாட்டிக்கொள்ளும்.

கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அத்தை பழைய கதையை எடுத்தார். அவர் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வீட்டில். அப்பா பால் வெட்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சவுக்குக் கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெய் டின்னில் மணல் நிரப்பி நடுவாராம். சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித் தாளை வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்து உருண்டை பிடிப்பார்களாம், ரப்பர்க் கொட்டையைக் கோர்த்து மாலையாக்குவார்களாம். இலவம் பஞ்சைப் பிய்த்துக் கிளை மேல் போட்டால் அதுதான் பனி. "கடையில வாங்க எங்க காசு? வாங்குனாலும் எங்க அம்மா விட்டிருக்காது." கண்ணாடிக் குண்டு என்பதே ஜெர்மனியில் லவுஷா என்கிற ஊரின் கண்ணாடி ஊதுபவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து வைத்தது. அதற்கு முன்னால் அங்கேயும் மரத்தில் தொங்கியது ஆப்பிளும் கொட்டைகளும்தான். இதைச் சொன்னேன். "அப்ப அவங்களும் தோட்டத்து ஆளுங்கதான்" என்றார் அத்தை.

ரப்பர்க் கொட்டை இப்போது எங்கே கிடைக்கும்? அவர் பிறந்த தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் பாலிக் பூலாவிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். சூடான ஊசியால் இரண்டு பக்கமும் துளை போட்டுக் கோர்த்தோம். உள்ளே பருப்பு காய்ந்து, ஆட்டினால் கிலுகிலுவென்கிறது. பச்சைப் பருப்பில் நஞ்சு உண்டு, சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காத உயரத்தில் கட்டுங்கள். பள்ளி விட்டு வந்த மகள் அதை எடுத்துச் சிமெண்டுத் தரையில் தேய்த்து யார் கையிலாவது சூடு வைக்கப் பார்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி வேலை பால் டின். இதற்குத்தான் அதிக நேரம் போனது, அதிகத் திட்டும் வாங்கினேன். ஆணியால் குத்திக் குத்தி ஓட்டை போட்டு உள்ளே விளக்கு வைத்தால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கிவிடும். அதனால் தண்ணீர் ஊற்றி ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்து, உள்ளே கல்லாக உறைந்தபின் அடிக்க வேண்டும். முதல் டின்னைத் தளும்பத் தளும்ப நிரப்பினேன். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது காலையில்தான் ஞாபகம் வந்தது. டின்னின் அடி தொப்பை போல உப்பி, மேசையில் வைத்தால் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடியது. அடுத்த நாலு டின்னுக்கு இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றினேன்.

டிசைனுக்கு மகள் பனிமான் வரையப் பார்த்தாள், ஓட்டைகளை இணைத்துப் பார்த்தால் ஆடு மாதிரி இருந்தது. அத்தை ஒரு தாளில் ஒன்பது புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைத்து நீட்டினார். அப்போதுதான் உறைத்தது, டின்னுக்கு வேண்டியது கோடு இல்லை, புள்ளி. கோலம் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை ஏற்கெனவே பாதி முடிந்த வேலை. தாளை டின்னைச் சுற்றி டேப் போட்டு ஒட்டி, துண்டைச் சுருட்டி அதன்மேல் டின்னைப் படுக்க வைத்து, புள்ளி புள்ளியாக ஆணி.

டங், டங், டங். அஞ்சாவது அடிக்குக் கீழ்வீட்டிலிருந்து தடியால் கூரையைத் தட்டிவிட்டார்கள். பதினோராவது மாடியில் சுத்தியல் சத்தம் பத்தாவது மாடிக்காரர்களின் தலையில்தான் விழும், அவர்கள் மேல் தப்பில்லை. டின், துண்டு, ஆணி, மகள் எல்லாவற்றையும் லிப்டில் ஏற்றிக் கீழே கார் நிறுத்துமிடத்து மூலைக்குப் போனோம். காவல்கார அங்கிள் வந்து, என்ன உடைக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, ஒரு டின்னைத் தானே வாங்கி அடித்துக் கொடுத்தார். இருபது நிமிஷத்தில் ஐஸ் ஓரம் இளகி, ஆணி பட்ட இடத்தில் தகரம் குழிய ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான், மறுபடி மேலே கொண்டுபோய் உறைய வைக்க வேண்டும். ஒரு டின்னுக்கு இரண்டு நடை. லிப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கு ஐஸே உருகிவிட்டது.

குத்தி முடித்ததும் துடைத்து, வெயிலில் உலர்த்தி, உள்ளும் வெளியும் வார்னிஷ். குத்திய இடங்களில் தகரத்தின் மேல்பூச்சு போய்விடுவதால் கடல் காற்றுக்குச் சீக்கிரம் துரு ஏறும். ஒரு டின்னை மட்டும் சோம்பலில் வார்னிஷ் இல்லாமல் விட்டேன், பத்தே நாளில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பழுப்பு வளையம். அதுவும் பார்க்க ஒரு அழகாகத்தான் இருக்கிறது, பக்கத்துச் சுவர் கறையாவதுதான் பிரச்சினை. இரண்டு பக்கமும் கம்பி மாட்டித் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து அத்தை, "கோப்பி பொங்குஸ் மாதிரியே இருக்கு" என்றார். ஒரு காலத்தில் கோப்பிக் கடையில் கட்டிக் கொடுப்பதற்குப் பால் டின்னில் ஊற்றி, கயிறு கோர்த்துத்தான் கையில் தருவார்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், நாலடி பிளாஸ்டிக் மரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு சரிவராது. பேட்டரி விளக்கு வைத்தோம். மரத்துக்கு மின்னி மின்னி அணையும் லிப் லாப் விளக்கு மட்டும் புதிதாக வாங்கினேன், பழையதின் ஒயர் தோல் வெடித்திருந்தது. வாங்கும்போது சிரிம் என்கிற தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மற்ற எதிலும் கஞ்சத்தனம் பண்ணலாம், கரண்டு விஷயத்தில் கூடாது.

வார்னிஷ், கம்பி, சாயம், சோடா, சோள மாவு எல்லாம் சேர்த்து 38 வெள்ளி. விளக்கு தனி. வீணாய்ப் போன பேக்கிங் பவுடரை நான் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டுக்காரர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்து மரத்தைக் கட்டினோம். கனமான களிமண் பூக்கள் அடிக்கிளையில், முட்டை ஓடு எட்டாத உயரத்தில், டின் நட்சத்திரங்கள் விளக்குக்கு நேர் முன்னால். குடிலுக்கு இரண்டு பக்கமும் பால் டின் விளக்கு. சூட்டுப் பசையால் ஒட்டிய யாகுல்ட் புட்டி மணிகள் மூன்று இருந்தன, விதியை மீறி அவசரத்தில் ஒட்டியவை. மேற்கு ஜன்னல் ஓரம் மாட்டினேன். ஆயர் ஈத்தாம் மலைப்பக்கமிருந்து அடிக்கும் சாயங்கால வெயிலில் பசை இளகி, மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோபாவில் விழுந்தன. மறுநாள் கம்பி போட்டுக் கட்டினேன்.

உப்பு மாவுச் சம்மனசை நான் குப்பையில் போட்டுவிட்டிருந்தேன். மகள் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். "அது ரெண்டு வருஷமா நம்ம வீட்டுல இருக்குமா." சரி என்று அவனில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் காயவைத்து, கழன்ற இறக்கையை எப்பாக்ஸி போட்டு ஒட்டி, முன்னும் பின்னும் மூன்று கை வார்னிஷ் அடித்து, ஃபேன் காற்று படுகிற கிளையில் மாட்டினோம். இரண்டு வாரம் காய்ந்தே இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

25ஆம் தேதி காலை, விருந்தாளிகள் வருவதற்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன், சம்மனசுக்கு நேர் கீழே தரையில் ஒரு சொட்டு. எடுத்துத் திருப்பிப் பார்த்தால், கயிறு கோர்க்கும் ஓட்டைக்குள் வார்னிஷ் படவே இல்லை. ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. இனி காயவைக்க நேரமில்லை, அடுப்பில் கோழிக்குழம்பு. மகள் ஒரு சோடா மூடியில் இரண்டு துளை போட்டு, நூல் கட்டி, சம்மனசின் காலுக்குக் கீழே தொங்கவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் அதையும் ஒரு அலங்காரம் என்றே நினைத்தார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளன்று மரத்தைக் கழற்றும்போது அதில் ஏழு சொட்டு சேர்ந்திருந்தது.